மாப்பிள்ளை கம்பெனியின் மதிப்பு

11 ஜூன் 2007
அப்பா கம்பெனியின் வருடக் கணக்கு முடிக்க வேண்டும். ஃப்யூஸ் கேரியர் விற்ற கணக்கெல்லாம் சரி. 'துணைக் கம்பெனியில் முதலீடு, எட்டு லட்சம்' என்ற வரிதான் கண்ணை உறுத்துகிறது. அப்பா மாப்பிள்ளைக்குச் சீர் மாதிரி வைத்துக் கொடுத்த டீ கப் கம்பெனி அது. என் வீட்டுக்காரர் சாவியோதான் எம்.டி. மூன்று வருடமாக நஷ்டம். அவர் செய்யும் கப்பின் காதில் எந்த மனுஷன் விரலும் நுழையாது.

14 ஜூன்
ஆடிட்டர் ஜியாவுதீன் வந்தார். சரிவு தற்காலிகம் என்றால் முதலீட்டைப் போட்ட விலையிலேயே காட்டலாம், நிரந்தரம் என்றால் மதிப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். "நீங்களே சொல்லுங்க, எது?"

அப்பா முகம் சிவந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு மதிப்பக் கொறைக்கிறதா? நல்லா இருக்குதுங்க!"

கம்பெனிக்குத்தான் என்றேன். அவர் காதில் விழவில்லை.

15 ஜூன்
நிரந்தரம்னு எழுதிட்டு சாவியோ முகத்தில் எப்படி முழிப்பேன்? பயமா இருக்குது.

19 ஜூன்
அப்பா வழி கண்டுபிடித்துவிட்டார். விற்காத கப் முழுவதையும் தன் கம்பெனிக்கே வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு லாபமாம்! சர்ச்சில் பங்குச்சாமியாரிடம் வேறு பெருமை பேசியிருக்கிறார். குடோனில் நடக்க இடமில்லை.

22 ஜூன்
ஜியாவுதீன் சிரித்தார். "சமையக்கட்டுல இருந்த அரிசி மூட்டையக் கூடத்துக்கு நவுத்திட்டு, அறுவடை ஆச்சுன்றீங்களே. அதுவும் மார்ச் கணக்குக்கு ஜூன்ல!"

அந்த நேரம் பார்த்து சாவியோ உள்ளே வந்தார். அப்பா பேச்சை மாற்றப் பார்த்தார். ஜியாவுதீன் விடவில்லை, சாவியோவிடமே கேட்டுவிட்டார்.

"நிரந்தரந்தாங்க. கப்பு எனக்கு வராது. மாமா மனசு நோவுமேன்னு சொல்லாம இருந்தேன்."

"நான் ஒங்க மனசு நோவுமேன்னு இல்ல இருந்தேன்!" என்றார் அப்பா.

அடப்பாவிகளா! உங்க ரெண்டு பேரையும் நெனச்சு மூணு வருஷமா தூக்கம் கெட்டது எனக்குத்தான்.

25 ஜூன்
குறைத்தாயிற்று. அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

16 ஜூலை
சாவியோ இப்போது அப்பா கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறார். இன்று திட்டக்குடி. மதியம் போன். "லீமா, நாலு கடையிலயும் ஆர்டரு!" இந்தச் சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அந்தக் குரலில் நான் கேட்டதில்லை.

அப்பாவிடம் உடனே சொல்கிறேன் என்றேன்.

"ஐயோ, அவசரப்படாத. இன்னொரு கம்பெனி வச்சுக் குடுத்துடப் போறாரு."

இரண்டு கடை என்று மட்டும் சொன்னேன்.