வெள்ளையில் பிறந்த சொல்

அன்புள்ள அழுத்தக்காரிக்கு,

நானும் மகளும் சௌக்கியம். உன் அண்ணன் வீட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். அவ தூங்குறா என்கிறார். எந்நேரமும் தூங்க நீ என்ன கைக்குழந்தையா?

கண்காட்சியில் உன் படத்தைப் பார்த்த விமர்சகர், ‘டாப்’ (daub) என்று ஒரே ஆங்கிலச் சொல்லில் எழுதி முடித்துவிட்டார். நாம் மெச்சிச் சொல்லும் டாப் இல்லை, இது வேறு. நீயும் இனித் தூரிகையைத் தொட மாட்டேன் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாய். அகராதி அலுவலகத்தில் இத்தனை காலம் குப்பை கொட்டுகிறவன் சும்மா இருப்பேனா? எடுத்துப் பார்த்தேன்.

கன்னாபின்னாவென்று பூசுவது ஒரு பொருள். கைவராதவர் வரைந்த படம் இன்னொன்று. அவர் சொன்னது அதைத்தான், மழுப்ப மாட்டேன். எனக்கும் கோபம் வந்தது. குச்சிப் பின்னல்மேல் அப்பிச் சுவர் எழுப்பும் மண்ணுக்கும் அதே பெயர்தான். வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே அதற்கு வெள்ளையடிப்பது என்று பொருள், அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, போகப் போகப் பெயர் கெட்டுவிட்டது, பாவம்.

வெள்ளை என்றதும் உன் நினைவு வந்தது. புதுக் கான்வாஸுக்கு நீயே வெள்ளை பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவாய். யாரையும் தொடவிட மாட்டாய். நீ வரும்போது தயாராக இருக்கட்டும் என்று பரணிலிருந்த பெரிய கான்வாஸை இறக்கினேன். உன் வெள்ளை டப்பா கிடைக்கவில்லை. குளியலறைச் சுவர் விரிசலை அடைக்க வாங்கிய பட்டி மாவைக் குழைத்து அப்பிவிட்டேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அம்மா வந்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க என்கிறாள் மகள்.

அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இனி இதைத்தான் காட்டுவேன். உன் படத்தில் கொடியில் காயும் சட்டை தன்னுடையது என்று மகள் வாசலிலிருந்தே கண்டுபிடித்தாளே, அதை எப்படி அந்தப் பெயரால் அழைப்பது? எனக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. படம் தெரியாதவன் பேச்சு என்று தள்ளிவிடாதே.

கான்வாஸ் கூடத்தில் ஜன்னலோரம் நிற்கிறது. அழுக்கே இல்லாத உன் தூரிகைகளை மகள் தினமும் அலசி வைக்கிறாள். வந்து அந்தப் பட்டியைச் சுரண்டு. என்னைத் திட்டு. திட்டிக்கொண்டே வெள்ளை பூசு. அதன்மேல் வரைவதும் வரையாததும் உன் இஷ்டம். வரையாவிட்டாலும் வந்துவிடு.

நகக்கண்ணில் இன்னும் பட்டி போகாத,
உன் வீட்டுக்காரன்