பதில் வராத பிங்

இன்று காலை லேபில் நெட் போய்விட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு. தொட்டால் சுடுகிறது. அந்தச் சூடேறிய பிளாஸ்டிக் நாற்றம் உனக்குத்தான் தெரியுமே, "ஏதோ கருகறதுடி" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவருவாய். உன் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்தேன். இன்னொரு மெஷினைக் கூப்பிட்டு 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை, பிங், அதை அடித்து, வெளியே இருக்கும் ஒரு சர்வரின் எண்ணைக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். கம்பெனிக்காரனுக்கு போன் பண்ணப் போகிறேன் என்று பக்கத்து மேஜை சார் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

நாம் இருவரும் ஒரே சமயத்தில் இந்தக் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் சேர்ந்தவர்கள். நான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருவேன், நீ ஸ்ரீரங்கத்திலிருந்து. மெஷின்களையெல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிய நாளிலிருந்து நம் இருவருக்கும் சாபம்தான். மழையில் லைன் போனாலும் லினக்ஸ், எலி கேபிளைக் கடித்தாலும் லினக்ஸ்தான் காரணம் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. நெட் போனதும் நேரே போய் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி மாட்டுவேன். "எதுக்கெடுத்தாலும் பிடுங்கிடறே. நீ என்ன பல் டாக்டராடி?" என்பாய். உனக்கு எல்லாம் வரிசையாக நடக்கவேண்டும். முதலில் நம் மெஷினையே கூப்பிட்டுப் பார். அது பதில் சொன்னால் மோடத்தைக் கூப்பிடு. மோடமும் சொன்னால் வெளியே கூப்பிடு. "நம்மாத்துலயே தொலைச்சதைத் தெருவுல போய்த் தேடப்படாது" என்று சொல்லிக்கொண்டே தட்டுவாய்.

அட்மிஷன் சமயத்தில் ஒருநாள் எந்த மெஷினிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை. வெளியே பெற்றோர் கூட்டம், உள்ளே பிரின்சிபால். நான் பிளக்குக்குக் கை நீட்டிவிட்டேன், நீ தட்டிவிட்டாய். ஒரு சர்வரை எண்ணைக் கொடுத்துக் கூப்பிட்டாய், பதில் வந்தது. அதையே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய், வரவில்லை. "ஆள் இருக்காடி. வழியும் இருக்கு. பேருதான் மறந்துபோச்சு" என்று சிரித்தாய். பெயருக்கு எண் எடுத்துத் தரும் சர்வரின் முகவரி அழிந்துபோயிருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தினாய், எல்லாம் வந்துவிட்டது.

உன்னிடம் எனக்குப் புரியாமலே இருந்தது ஒன்று உண்டு. லினக்ஸில் பதில் இல்லாவிட்டால் பிங் வாயே திறக்காது. நாம் நிறுத்துகிறவரை விடாமல் கேட்டுக்கொண்டே கிடக்கும். எப்போதாவது மட்டும், அங்கே போக முடியவில்லை என்று ஒரு வரி வரும். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நீயோ முகம் மலர்வாய். "இது நல்லதுடி. நடுவுல யாரோ நின்னு நமக்கு உள்ளதைச் சொல்றா. ஒண்ணுமே சொல்லாம இருக்கு பாரு, அதுதான் பொல்லாதது." போடி, எல்லாம் ஒரே கழுதைதான் என்று அப்போது சொன்னேன்.

பிங் என்பது நமக்குள் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. கேபிள் ரூமிலிருந்து நீ "பிங்!" என்று கத்துவாய், நான் "இருக்கேன்டி!" என்பேன். உன் பஸ் தாமதமானால் என் போனில் பிங் என்று ஒரே ஒரு சொல் வரும். லேபில் நம்மைப் பைத்தியங்கள் என்றார்கள்.

அப்புறம் உனக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை போனது, பேச்சு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தேன். என்னைப் பார்த்து உதடு துடித்தது, பெயர் வரவில்லை. தண்ணீருக்கும் பெயர் வரவில்லை, மகனுக்கும் வரவில்லை. திடீரென்று தெளிவாக "பிங்" என்றாய். உன் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "பாருங்கோ, இப்படித்தான் என்னமோ உளறிண்டிருக்கா. புத்தி பூரா போயிடுத்து." மாதாவே, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இருக்கேன்டி" என்றேன். உன் இடது கை என் விரல்களை நெரித்த நெரிப்பு எனக்குத்தான் தெரியும். நீ முழுசாக உள்ளே இருந்தாய்.

உன் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். அந்த நல்ல மனிதர் உடனே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நீ கட்டிலிலிருந்து "பிங்" என்றால் சமையலறையிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வரும். சாத்தமுது கொதித்துக்கொண்டிருந்தாலும் வரும், கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு வாசற்படி ஏறும்போதும் வரும். நீ கண்ணை மூடிக்கொள்வாய். நான் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அங்கே வருவேன், நீங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லில் குடித்தனம் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் மருந்து வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. உன் மகன் அமெரிக்காவிலிருந்து மனைவியோடு வந்தான். உடலை உன்னிடம் கொண்டுவரவேயில்லை. அவர் தம்பி வீட்டிலிருந்தே எடுத்தார்கள், காரியமும் அங்கேயே. நான் உன் மகனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா தம்பி?"

"அம்மாவுக்கு என்ன புரியப்போறது ஆன்ட்டி? யாரையுமே அடையாளம் தெரியலை. எதுக்கு ஹிம்சை? கேட்டா அப்பா கோயிலுக்குப் போயிருக்கார்னு சொல்லிடுங்கோ."

"அவளுக்குப் பேர்தான் வராதுப்பா. ஆள் தெரியும். எல்லாம் தெரியும்."

"டாக்டரைவிட உங்களுக்குத் தெரியுமா?"

நான் லேப் அசிஸ்டென்ட். உள்ளே உன் கட்டிலருகே வந்தேன். உன் நெற்றியில் அன்றைக்கும் சுமங்கலிக்கு இடுகிற சிவப்பு ஸ்ரீசூர்ணத்தைப் பளிச்சென்று இட்டிருந்தார்கள். நீ வாசலைப் பார்த்து "பிங்" என்றாய். யாரும் பேசவில்லை. மறுபடி "பிங்". மருமகள் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அவளும் பாவம், கேட்கச் சகிக்காமல்தான் வைத்தாள். அடுத்த ஞாயிறும் அதே கதை. சாப்பாட்டைத் துப்புகிறாயாம், தூங்குவதில்லையாம், ஓயாமல் அந்தச் சத்தம்தானாம். தூக்க மாத்திரையைக் கூட்டப்போவதாக உன் நாத்தனார் சொன்னார்.

உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார் என்று நினைத்தாயோ? கோபித்துக்கொண்டு பக்கத்து அறையிலேயே இருந்துகொண்டு பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்தாயோ? அவர் அப்படிப்பட்டவரா? அந்த மனுஷனுக்கு அந்தப் பழி வரலாமா?

எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கதவைச் சாத்தினேன். உன் இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பிங்" என்றாய்.

"இனிமே பதில் வராதுடி. அவர் போயிட்டாரு. நெஞ்சு வலி. உனக்கு மருந்து வாங்கத்தான் போனாரு. உன்னை விட்டுட்டுப் போகலை."

நீ அலறவில்லை. என் முகத்தையே பார்த்தாய். பிறகு உன் உதடு குவிந்தது, அவர் பெயரைச் சொன்னாய். எழுத்துப் பிசகாமல், முழுப்பெயர். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தப் பெயரை நீ சொல்லி நான் கேட்டதேயில்லை. கட்டியவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாய். இனிக் குறைய ஒன்றுமில்லை என்று உனக்குப் புரிந்துவிட்டது. இடது கையாலேயே நெற்றியை அழுத்தித் துடைத்தாய்.

சிவந்த விரல்களோடு நீ கிடந்ததைப் பார்த்ததும் வீடே என் மேல் பாய்ந்தது. படிப்படியாக நீ சாப்பாட்டைக் குறைத்தாய். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாய். "நீங்கதான் எங்கம்மாவைக் கொன்னுட்டேள்" என்று உன் மகன் போனில் கத்தினான். அதற்குப் பிறகு அவன் என் போனை எடுப்பதில்லை. இருக்கலாம், நான் சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாய். வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டு, மாத்திரையில் கிறங்கிக்கொண்டு இருந்திருப்பாய். இந்தப் பாரத்தை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் போய், பாவம் என்று நினைக்க மனம் வராமல் பாதி வரிசையிலிருந்து திரும்பிவிட்டேன்.

வீடு நிறைய ஆள் இருந்தது, தோழி. நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொன்னவள் நான்தான். நாளைக்கு நீ எழுந்து வந்து மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.