சளி என்று சொன்ன நோய்

கெலமங்கலம், புதன்கிழமை இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

காலையிலிருந்து எங்கள் ஷெட்டில் கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தன. குஞ்சும் தீவனமும் தரும் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். உள்ளே கால் வைக்காமலே, "வெள்ளைக்கழிச்சல்தாங்க. போன பேட்ச்ல வந்த மாதிரி சளியோட போயிடும்" என்றார். மதியமே, மிச்சக் கோழிகளைப் பெங்களூருக்கு ஏற்ற லாரி வந்துவிட்டது. தானாகப் போகும் நோய்க்கு எதற்கு இத்தனை அவசரம்?

கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தேன். செத்த கோழியை அறுத்தார். இரைப்பைக்குள் ரத்தப் புள்ளிகள். "நோய் பேரு ஒண்ணுதாம்மா, வைரஸ்ல ரகம் வேற. ஒரு ரகம் இருமலோட விட்டுடும். அந்த மாதிரி சாதுவானதைத்தான் தடுப்பு மருந்தா கண்ணுல விடுறோம். இது கொல்ற ரகம் மாதிரி தெரியுது. லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு கோழியும் வெளிய போகக்கூடாது."

அதன்பிறகு சூப்பர்வைசர் என்னிடம் பேசவே இல்லை. ஓசூரில் டியூட்டியில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணா, அக்காவைக் கேட்டைத் திறக்கச் சொல்லுங்க." தீவனம் போடுவது நான், அனுமதி மட்டும் அவரிடமா? நல்லவேளை, "ஷெட்டு அவளோடது, அவளையே கேளுங்க" என்று வைத்துவிட்டார்.

நான் திறக்கவில்லை. லாரி காலியாகக் கிளம்பி, சக்கரத்தைக்கூடக் கழுவாமல், அதே கம்பெனிக்குக் கோழி வளர்க்கும் பக்கத்துத் தோட்டத்துச் சரோஜாவின் ஷெட் பக்கம் திரும்பியது. உடனே அவளுக்குப் போனில் சொன்னேன்.

"கேட்டுக்குக் குறுக்கே டிராக்டரை நிறுத்திட்டேன்க்கா" என்றாள். அவள் கோழி ஒன்றும் இதுவரை இருமவில்லையாம்.