அடுத்த சுட்டெண்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

பள்ளிக்கூட அதிபர் பதவிக்கான பரீட்சை எழுதிவிட்டு வந்தோம். எனக்கு ஐந்தாவது தடவை. வயதுக் கட்டுப்பாட்டின்படி கடைசியும் இதுதான். மண்டபத்துக்குள் தனியே போக எனக்குப் பயம் என்று, துணைக்கு வருவதற்காகவே என்னோடு படிப்பிக்கும் என் மனைவி கேதீஸ்வரியும் விண்ணப்பம் போட்டாள். அவளுக்கு எனக்குப் பின்மேசை. நான் இரண்டு வருடமாகப் பாடமாக்கியதைக் காலையில் பாதைப் படகில் வாவியைக் கடக்கும்போது எனக்கு வாசித்துக் காட்டினாளே, அவள் படித்த படிப்பு அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், “பேப்பர் லேசுதானே?” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 30

முடிவு இன்னும் இல்லை. சோறு இறங்குதில்லை.

ஜூன் 6

வந்துவிட்டது. பட்டியலில் என் பரீட்சைச் சுட்டெண் இல்லை. அடுத்த சுட்டெண் இருக்கிறது.

என் மனைவியுடையது.

ஜூன் 7

பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். அகீலா டீச்சரும் பாஸ். “மூர்த்தி சேர், வீட்டுக்குள்ளயே அதிபர். குடுத்துவச்ச ஆள் நீங்க” என்றாள். சிரித்தேன். தாடை நொந்தது.

பதினொரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதினேன் — என்ன பிரயோசனம்? உழைத்தால் உயரலாம் என்று பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? பொய்க்காரன். சிலருக்கு மண்டையில் இருக்கிறது, சிலருக்கு இல்லை. நாற்பத்தைந்து வயதிலா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், கடவுளே.

ஜூன் 19

அவளுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம். 27ஆம் திகதி, திருகோணமலையில்.

சாப்பிடும்போது, “சும்மா எழுதினதுதானே, நான் போகல்ல” என்றாள். அந்தச் ‘சும்மா’தான் என்னைக் கிளப்பியது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். “ஓம், உனக்கெல்லாம் சும்மாதான். நான் நாயாப் பேயாப் படிச்சது உனக்குப் பகிடி. போ, போய் அதிபராகு. உனக்குக் கீழ வேலை செய்யிறதவிட இந்த வாவிக்குள்ள விழுந்து சாகலாம்.”

மகள் விதுர்ஷா அழுதாள். ஏன் சொன்னேன்? என்ன பேய் பிடித்தது எனக்கு?

ஜூன் 20

மன்னிப்புக் கேட்டேன். கட்டாயம் போ என்றேன். “சரி” என்றாள்.

ஜூன் 27

முதல் பஸ்ஸில் போனவள் பொழுதுபட வந்தாள். “சரிவரல்ல. கேட்டதுக்குப் பதில் தெரியல்ல.”

எனக்கு வந்தது சந்தோஷம். உள்ளதைத்தானே எழுத வேண்டும்? சந்தோஷம்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு வயிறாரத் தின்றேன். த்தூ, நானும் ஒரு மனிசன்.

ஜூலை 2

அகீலா டீச்சர் கேட்டாள்: “அண்டைக்கு இன்டர்வியூவில கேதீஸ்வரி டீச்சர்ர பேர மூணு தரம் கூப்பிட்டாங்க சேர். ஆளக் காணல்ல. சுகமில்லையா?”

வீட்டுக்கு வந்து இவளைக் கேட்டேன். வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்.

“கடற்கரையில கச்சான் திண்டுகொண்டு இருந்தன். நீங்க சொன்ன சொல்லு... பயமாப் போச்சு. எனக்கு நீங்க வேணும்.”

ஜூலை 3

அவளுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கேட்டுத் திணைக்களத்துக்கு எழுதினேன். பிழை என்னுடையது என்று எழுதினேன்.

ஓகஸ்ட் 12

பதில் வந்தது. மறு சந்தர்ப்பம் கிடையாதாம்.

2025 ஜனவரி 27, திங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது அதிபர் வந்தார். முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். கேதீஸ்வரி மாலை போட்டாள். தேத்தண்ணி குடிக்கும்போது, “இங்க வேற யாரும் இந்தப் பரீட்சை எழுதினீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

கேதீஸ்வரி என்னைக் காட்டினாள். “இவர் எழுதினவர் சேர். இவரப்போல கஷ்டப்பட்டுப் படிச்ச ஆள் ஒருத்தரும் இல்ல.”

அதிபர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் “நன்றி சேர்” என்றேன்.