லேடீஸ் சீட்டுக்குப் புள்ளி கிடையாதாம்

மேசைமேல் ஒரு வரைபடம் கிடக்கிறது. அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை. இந்தப் பெங்களூரில் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்பிய நம்மைப் போன்றவர்கள் ஒளிந்து சந்தித்துக்கொண்ட இடங்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். பூங்கா, ரயில் நிலையக் கழிப்பறை, சினிமாக் கொட்டகையின் பின்வரிசை. எல்லாம் ஆண்கள் நின்ற இடங்கள். இருட்டியபின் பூங்காவில் நிற்க நம்மை யார் விட்டார்கள் என்று இந்த மேதாவிகளுக்குத் தோன்றவே இல்லை.

போன மாதம் இந்தப் படம் போடுகிறவர்களின் கூட்டத்துக்குப் போய் நம்மைப் பற்றிச் சொன்னேன். உன் வீட்டிலும் காவல், என் வீட்டிலும் காவல். நமக்கென்று இருந்தது அல்சூரிலிருந்து ஹெப்பகோடி ஃபேக்டரி வரை பஸ்ஸில் அந்த லேடீஸ் சீட்டு மட்டும்தான். உன் முந்தானைக்கு அடியில் என் கை இருக்கும்.

காவிரிக் கலவரம் நடந்த நாட்கள். கம்போடு ஏறிய நாலு பேர், தமிழர் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். நீ என் கையை விடவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று அவர்களிடம் கன்னடத்தில் சிடுசிடுத்தாய். அவர்கள் இறங்கியதும், "நாக்கைத் தேடுறானுங்க, கையைப் பாக்கத் தெரியல. மடப்பசங்க" என்றாய்.

மடப்பசங்களுக்கு இந்த ஊரில் என்றைக்குப் பஞ்சம்? உன் உடலைக் கிடத்தியிருந்த கூடத்தில் உன் தம்பி என்னைக் காட்டி, "அக்காவோட பஸ் ஃபிரெண்டு. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க, சொந்தக்காரங்க வராங்க" என்றான். நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத சொந்தம்.

இன்று படத்தைக் கொண்டுவந்த பெண் அவனுக்கும் மேல். நம் பஸ்ஸுக்குப் புள்ளி எங்கே என்று கேட்டேன். "பஸ் ஓடிட்டே இருக்குமே ஆன்ட்டி, புள்ளி எங்க வைக்கிறது? அதுவும் நீங்க சும்மா ஃபிரெண்ட்ஸ் மாதிரிதானே உக்காந்திருந்தீங்க?" உன் தம்பியாவது தன்னைப் படித்தவன் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அவள் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி, அல்சூரில் வைத்து, குறுக்கே வந்த புள்ளிகள்மேல் ஏறி, ஹெப்பகோடி வரை ஒரே கோடாக இழுத்தேன்.

"படம் கெட்டுப்போச்சு ஆன்ட்டி."

"கெடட்டும். இங்கேருந்து இதுவரைக்கும் அவ எம் பொண்டாட்டி. எறங்கினா ஃபேக்டரிக்கு ஆளு, வீட்டுக்குப் பொண்ணு."

இந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். உன் காதில் விழ வேண்டியதை, போயும் போயும் இவளிடம் சொன்னேன்.