சிங்கப்பூரில் அவருக்கு முப்பது மணித்தியாலம்

1986 மார்ச் 11, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே முற்றத்து மண் சுடுகிறது. வாணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், 101. பல்லுக் காய்ச்சல்தான் என்கிறா மச்சாள். பிள்ளை பெற்றவ மாதிரி. ஆனால் தன் தம்பியை, என் மனுசனை, வளர்த்தது அவதான், அதையும் சொல்லவேண்டும்.

செய்ய வேண்டியவை:
- காய்ச்சல் மருந்து
- மா அரிக்க
- ஏஜென்சிக்காரன் தந்த பேப்பரை எரிக்க

அவர் ஞாயிறு விடிய பஸ் ஏறினார். இன்று கொழும்பில் ஏதோ ஒரு லொட்ஜ். நாளை காலை பிளேன், பின்னேரம் சிங்கப்பூர். அங்கே முப்பது மணித்தியாலம் நின்று, வியாழன் இரவு வேறு பிளேனில் பிரான்சுக்கு. அது இறங்க முன்னர் கக்கூசுக்குள் போய்ப் பாஸ்போட்டைக் கிழித்துப் போடவேண்டுமாம். கிழித்தால் அவர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்களாம். கிழித்தால் தானாகத் திரும்பி வரவும் ஏலாது. ஏதோ சட்டைத் தெறி கழன்ற மாதிரித்தான் அவர் இதை எனக்குச் சொன்னார்.

அடுத்த வளவு மலாயன் மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மலாயாவில் றெயில்வேயில் இருந்து பென்சனோடு வந்து இருபது வருடம். அரியாலையில் எங்கள் ஒழுங்கைக்கு அவர் வீட்டில் மட்டும்தான் ரெலிபோன்.

"முப்பது மணித்தியாலம்! காணும் பிள்ளை. நான் எல்லாம் எழுதிக் குடுத்துவிட்டனான். செரங்கூன் ரோட்டிலை காலமைச் சாப்பாடு, பிறகு பூந்தோட்டம், பின்னேரம் ஹாபரடியிலை காத்து. ஏர்போட்டுக்குள்ளை குந்திக்கொண்டு இருக்கிறவன் விசரன்."

"மாமா, அவர் ஊர் பாக்கவே போறார்?"

"போற வழிதானே. கண்ணைப் பொத்திக்கொண்டே போறது?"

வியாழன் ஒரு மணிக்கு அவர் மாமா வீட்டுக்குக் கோல் எடுப்பார். மூன்று நிமிடம். அங்கே அப்போது மூன்றரை மணி. கொழும்பு எக்ஸ்சேஞ்ச் இணைத்தால். லைன் இருந்தால். ஷெல் அடிக்காவிட்டால்.

மா அரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

வாணி 99. இரண்டு வாய் கஞ்சி.

பத்தரைக்குத் தபால்காரர். நீளமான மண்ணிறக் கவர், அவர் பெயருக்கு. உடைத்தேன்.

நியமனக் கடிதம். பட்டதாரி ஆசிரியர். தென்மராட்சியில் பள்ளிக்கூடம். ஏப்ரல் முதலாந் திகதி கடமை ஏற்க வேண்டும்.

மூன்று வருடம் காத்திருந்த கவர் இது. மூன்று வருடமாகச் சம்பளமில்லாமல் தொண்டர் ஆசிரியர். அவரும் நானும் ஒரே வருடம் பட்டம் எடுத்தோம். போன வருடம் விண்ணப்பம் கேட்டபோது வாணி வயிற்றில். "ஒரு வீட்டுக்கு ஒரு உத்தியோகம் காணும்" என்றார். நானும் ஓம் என்றேன். எனக்கு என்ன வந்தது அன்று?

கடிதம் நாலு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா. அவர் இப்போது ஆகாயத்தில். தந்தி அடிக்க விலாசம் இல்லை. நாளைய கோல் மட்டும்தான்.

மச்சாள் தேங்காய்ப்பூக் கையோடு குசினியால் வந்து, வாசித்துக் காட்டச் சொன்னா. கேட்டுவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தா.

"உதை நாளைக்கு அவனுக்குச் சொல்லாதையும் மலர்."

"ஏன் மச்சாள்?"

"சொன்னால் திரும்பி வந்திடுவான்."

"வரட்டுமே."

"வந்து? மார்கழியிலை ஆமி றவுண்டப்பிலை அவனைப் பிடிச்சுக்கொண்டு போனது மறந்து போச்சோ? நீர் கைக்குழந்தையோடை வீட்டிலை. மூண்டு நாள் காம்ப் வாசலிலை நிண்டது நான்."

அதுவும் உண்மை. அன்றிலிருந்து படலை சத்தம் கேட்டால் அவர் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழும்புவார், சோறு என்றாலும். மச்சாளுக்கு இந்த ஆவணியோடு முப்பத்துநாலு. தம்பி வெளியே போய் உழைத்தால்தான் அவவுக்கு ஒரு கலியாணம். அதை அவ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாய்ச் சண்டை பிடித்திருக்கலாம்.

அவர் வந்தால்: சம்பளம். வாணிக்கு அப்பா. தென்மராட்சியில் ஒரு சின்ன வீடு, கிணறு. எனக்கு ஆள்.
அவர் போனால்: உயிர்.

இரண்டாவதில் ஒரு சொல்தான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். முடிவை அவர் எடுக்கட்டும். இதை மறைத்துவிட்டுப் பிறகு காலம் முழுக்க அவருக்கு என்னவென்று கடிதம் எழுதுவது? மூன்று நிமிடத்தில் கடிதத்துக்கு ஒரு நிமிடம். குசினிக்குள் நின்று சொல்லிப் பார்த்தேன். பதினொரு செக்கன்தான் வருகிறது.

மார்ச் 13, வியாழன்

காய்ச்சல் இல்லை. காற்றும் இல்லை. ஹெலி இரண்டு தரம் சுற்றிப் போனது.

பன்னிரண்டுக்கே மாமா வீட்டில். மூன்று கதிரை போட்டு வைத்திருந்தார், கூட்டம் நடக்கிற மாதிரி. கையில் மணிக்கூடு. வாணி என் மடியில் நித்திரை.

ஒன்று பத்துக்கு மணி அடித்தது. மச்சாள் பாய்ந்து எடுத்தா.

"தம்பி! சாப்பிட்டியோ? என்ன சாப்பிட்டனி? சத்தம் போட்டுக் கதை!" பிறகு ஒரே அழுகை. அழுவதற்கு ஒரு நிமிடம் போனது.

"ஒரு நிமிசம் போட்டுது!" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே றிசீவரைத் தான் வாங்கினார். "செரங்கூன் ரோட் போனீரோ? ஆ? அந்தச் சாப்பாட்டுக் கடையை இடிச்சுப்போட்டாங்களோ? என்னண்டு இடிப்பாங்கள்!"

பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"மலரோ? இஞ்சை ரோட்டிலை ஒரு கடுதாசித் துண்டு கிடையாது, தெரியுமோ? தன்ரை பாட்டிலை ஓடுற படி. நான் நாலு தரம் ஏறி இறங்கினனான்." மார்கழிக்குப் பிறகு நான் கேட்காத குரல். சிரிக்கிறார்.

"இஞ்சாருங்கோ. நியமனக் கடிதம் வந்திருக்கு. ஏப்ரல் ஒண்டாந் திகதி. வாறதெண்டால் இப்ப சொல்லுங்கோ."

லைனில் இரைச்சல் மட்டும். அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார்.

றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலை அதிபர் லிஸ்ரைப் பாத்திட்டு வந்து சொன்னவர். உமக்குச் சொன்னால் அழுவீர். நீர் அழுதால் நான் நிண்டிடுவன். எனக்கு அங்கை இருக்க ஏலாது மலர்."

வாணி முழித்து ரெலிபோன் வாயரைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டேன்.

"மலர், வைக்கட்டே? நாலு மணிக்கு ஊர் சுத்திக் காட்டுற பஸ் ஒண்டு. என்னோடை வந்த பெடியள் ரிக்கற் எடுத்திட்டு நிக்கிறாங்கள். இவ்வளவு நேரமும் சும்மா இருந்து என்ன செய்யிறது?"

வைத்துவிட்டார்.

"இன்னும் இருபது செக்கன் கிடக்குதே!" என்றார் மாமா, மணிக்கூட்டைப் பார்த்து.

மச்சாள் என் முகத்தையே பார்த்தபடி. "என்னவாம்? சொன்னனீரோ? என்ன சொன்னவன்?"

"யோசிக்கிறாராம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? உண்மையைச் சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

சனிக்கிழமையை இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். மேலதிக வகுப்பு முடிந்து பள்ளிக்கூடத்தால் இரண்டு மணிக்கு வந்தார். புட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம். வாணியைத் தோளில் வைத்துக் கிணற்றடி வரை போய் வந்தார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சேட்டாக மடித்து. பக்கத்தில் இருந்து பார்த்தார். "வடிவாய் மடிக்கிறீர்" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

மச்சாள் விரதம். கோவிலுக்குப் போய் மத்தியானம் வந்தா. என்ன நேர்ந்தா என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. அவர் திரும்பி வரவேண்டுமென்றா, வரக்கூடாதென்றா?

நேற்றிரவு அந்தப் பிளேன் ஏறியிருப்பார். பஸ்ஸில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு.

மாமா வேலியடியில்: "திரும்பி வாறானெண்டால் மற்ற ரிக்கற்றை என்ன செய்யிறது பிள்ளை? திருப்பி எடுப்பாங்களோ?"

"தெரியாது மாமா."

நாவற்பழம் தின்ற வாய் மாதிரி, பொய் சொன்ன வாய் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மச்சாள் பயப்படட்டும் என்று இருக்கிறது. இரண்டு நாள் பயந்தால் என்ன? நான் புதன்கிழமை முழுக்கப் பயந்தேனே. அவவிலே ஒரு பிழையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோபிக்க வேண்டிய ஆள் கைக்கு எட்டாத தூரத்தில்.

மார்ச் 16, ஞாயிறு

பல் வந்துவிட்டது. கீழ் முரசில் வெள்ளையாக ஒரு கோடு. அவருக்கு எழுதவேண்டும் என்று முதலில் நினைத்தது எனக்கே எரிச்சல்.

உடுப்புத் தோய்க்கும்போது மச்சாள் பக்கத்தில் வந்து குந்தினா.

"வாறதெண்டால் வரட்டும் மலர். நான் அண்டைக்கு என்னை நினைச்சும்தான் கதைச்சனான். எனக்கென்ன, நான் இப்பிடியே இருந்திட்டுப் போறன். பிள்ளைக்குத் தேப்பன் வேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சவர்க்காரம் கையில். "பாப்பம் மச்சாள்" என்றேன். அவ என் கையில் இருந்த பாவாடையை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டா.

நான் நல்ல மனுசி இல்லை.

மார்ச் 17, திங்கள்

பின்னேரம் மூன்று மணிக்குத் தந்தி. மச்சாளின் பெயருக்கு. சுகமாகச் சேர்ந்தேன் என்று மட்டும்.

மச்சாள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதா, பிறகு சிரித்தா, பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டா.

"குறை நினையாதையும் மலர். அவனும் கிடந்து யோசிச்சுத்தான் இருப்பான். உம்மையும் பிள்ளையையும் நினைச்சு அந்த ரண்டு நாளும் ஒரு கண் நித்திரை கொண்டிருக்கமாட்டான், பாவம்."

"ஓம் மச்சாள்."

வாணியைத் தூக்கி முத்தமிட்டு, மாமாவுக்குத் தந்தியைக் காட்ட ஓடினா.

கல்விக் கந்தோருக்குப் பதில் எழுத இருந்தேன். நல்ல பேப்பர் ஒன்றுதான் இருந்தது. "மேற்படி நியமனம் தொடர்பாக. எனது கணவர் இதனை அறிய முன்னரே வெளிநாடு சென்றுவிட்டார் என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றேன்." 'அறிய முன்னரே' என்பதை வெட்டினேன். வெட்டிய இடத்துக்கு மேலே எழுத வேறொன்றும் வரவில்லை. திரும்பவும் அதையே எழுதினேன்.