தலைகீழ் ஊமத்தை

குன்னூர்
5.8.2024

என் அருமைத் தங்கச்சி குந்தவைக்கு,

அக்கா பிரகதாம்பாளின் அன்பு. உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறேனாம், கடிதத்தை அப்படி வைக்க முடியாதாம். உன் வாய் இருக்கிறதே. மழை நாளில் இங்கே உண்மையாகவே சிக்னல் இருப்பதில்லை.

உன் பெண் பூர்ணிமா முழுகாமல் இருப்பதைப் படித்ததும் உன் பெரியத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நேற்றுதான் அவளுக்குக் காது குத்தியது போல இருக்கிறது. தை மாதம் பேறுகாலம், பயணமே கூடாது என்று மயிலாடுதுறை டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் தாய்வீட்டுக்கு வர முடியாது, மார்கழியிலிருந்து நீதான் அங்கே போய் இருக்க வேண்டும், அந்த இரண்டு மாதமும் நான் பூதலூர் வந்து மாமாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானே? பார்க்கலாம் அம்மா. மார்கழிக்கு நாள் கிடக்கிறது.

படுக்கையில் கிடக்கும் நம் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனது கசந்துபோகும். அதற்காக உனக்கு ஒரு பொழுதுபோக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த உறையில் இருப்பது புருக்மான்சியா விதை. ஏஞ்சல் ட்ரம்பெட் என்பார்கள். எங்கள் வேலியோரம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. ஒரு சாணுக்கு மேல் நீளமான வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும், பொழுது சாய்ந்தால் வீடெல்லாம் வாசனை. ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம், விஷம். மாட்டுக்கு எட்டாமல் வை, தொட்டால் கை கழுவு. ஊறவைத்துத் தொட்டியில் போடு. பூ வந்ததும் எனக்குப் படம் அனுப்பு.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்பு அக்கா,
பிரகதாம்பாள்


பூதலூர்
2.9.2024

அக்காவுக்கு, குந்தவையின் வணக்கம்.

உங்கள் பொழுதுபோக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் கொட்டினால் பழுப்பாய், சொரசொரப்பாய், யாரோ குதிகாலைச் சுரண்டி உறையில் போட்டு அனுப்பியது போல இருந்தது. அப்போதே தூக்கி எறியத் தோன்றியது. இருந்தாலும் நீங்கள் அனுப்பியதாயிற்றே.

சம்பாவுக்கு விதைநெல் தேர்ந்துகொண்டிருந்த சமயம். முட்டை மிதக்கிற அளவுக்கு அண்டாவில் உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மேலே வரும் பதரை அள்ளி எறிந்துகொண்டிருந்தோம். அதோடு அதாக உங்கள் விதையையும் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரில் போட்டேன். அநேகமாக எல்லாமே மிதந்தது. தபால் செலவு செய்து பதரையா அனுப்புவார்கள் என்று திட்டிக்கொண்டே வழித்துச் சாக்கடையில் வீசினேன். அடியில் தங்கிய நாலைந்தை மட்டும் நெல்லுக்குச் செய்வது போல ஈரத்துணியில் முடிந்து, வைக்கோலுக்கு அடியில் வைத்து, மேலே கல்லை ஏற்றினேன். நெல் என்றால் மறுநாளே முளை காட்டும். இதற்கு ஒரு வாரம் பொறுத்துப் பிரித்தால் உள்ளே கொழகொழவென்று ஒரு கூழ். செத்த நத்தை நாற்றம். எத்தனை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

நாற்றத்துக்கு எனக்கு இங்கே குறைச்சலா? காலையில் மாமா அறைக் கதவைத் திறக்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். துணியை உருவி, துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, சளிச் சட்டியைக் கழுவி வைப்பதற்குள் ஒரு தடவையாவது வாந்தியெடுக்கக் கொல்லைக்கு ஓடிவிடுவேன். அதற்குப் பிறகு காபி இறங்குமா? சம்பளத்துக்கு ஆள் வைத்தோம். தஞ்சாவூரிலிருந்து வந்த அந்த அம்மாள் மூன்றாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டாள். உங்கள் கொழுந்தனார் தூக்கிப் புரட்டிக் கொடுப்பதோடு சரி. "கை பட்டா எனக்குச் சோறு எறங்காது" என்று வயலுக்குக் கிளம்பிவிடுவார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, வந்த மருமகள்கள் நாம் இரண்டு பேரும் கடிதத்தில் மல்லுக்கட்டுகிறோம்.

மார்கழிக்கு வருவீர்களா, மாட்டீர்களா? பார்க்கலாம் என்பது பதில் இல்லை.

இப்படிக்கு,
குந்தவை


குன்னூர்
20.9.2024

அன்புள்ள அசட்டுத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மிதந்ததுதானடி நல்ல விதை. புருக்மான்சியா விதைக்கு மேலே தக்கை போல ஒரு தோல் இருக்கும், அதனால்தான் மிதக்கிறது. நல்லதையெல்லாம் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டுச் சொத்தையைக் கட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறாய், அதுவும் உப்பில் போட்டு.

மறுபடி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடு. தோல் இளகியதும் நகத்தால் உரித்து எடுத்துவிடு, உள்ளே சின்னதாக விதை இருக்கும். தென்னைநார்த் தூளும் மணலும் கலந்து ஒரு நகக்கண் ஆழத்தில் போடு. ஈரம் இருந்தால் போதும், வயல் மாதிரி தண்ணீர் கட்டாதே. கையுறையும் வைத்திருக்கிறேன்.

மார்கழி விஷயம். பெரியத்தானுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. என் முழங்கால் மலையிறங்கும் பஸ்ஸுக்குத் தாங்குமா என்று தெரியவில்லை. மாமாவுக்கும் உன் கைதான் பழக்கம். நீ செய்வது போல யாரால் செய்ய முடியும்? உன் மனது யாருக்கு வரும், சொல்.

அன்புடன் அக்கா


பூதலூர்
3.11.2024

அக்காவுக்கு,

என் மனதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதை வைத்துக்கொண்டு ஒரு துணி துவைக்க முடியாது.

விதையை உரித்தேன். கையுறை போட்டால் பிடி நிற்கவில்லை. கழற்றினால் அந்த ஊறிய தோல் வழுக்கி நகத்துக்குள் போய் உட்காருகிறது. உரித்ததை விதைத்தால் மண்ணின் மேல் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூத்தது. சின்னச் சின்னக் கொசுக்கள் தொட்டியிலிருந்தே பிறந்து என் சோற்றில் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தூக்கிய அன்றைக்குத்தான் பச்சையாய் ஏதோ தலைநீட்டியது. கொட்டவில்லை.

வளர்கிறதே என்று தண்ணீர் விட்டேன். விட்டேன் என்றால், எனக்குத் தெரிந்த விதத்தில் விட்டேன். நாற்றுக்குத் தண்ணீர் நிற்காவிட்டால் எங்கள் கைக்குத் தூக்கம் வராது. ஒரே ராத்திரியில் பாதி நாற்று மண்ணோரத்தில் மெலிந்து படுத்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் தண்டு விரலில் கூழாய் வந்தது. அடைமழையில் வந்த நத்தைகள் மிச்சத்தை மேய்ந்து, போன வழியெல்லாம் எச்சில் கோடு போட்டுவிட்டுப் போயின. இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. அதை ஜன்னலில் ஏற்றி வைத்திருக்கிறேன், மாமா அறை ஜன்னலில். அங்கேதானே நாள் முழுக்கக் கிடக்கிறேன்.

பூர்ணிமாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். "எப்பம்மா வர்ற" என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

குந்தவை


குன்னூர்
18.11.2024

தங்கச்சிக்கு,

ஒன்றாவது தேறியதே, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முதன்முதலாய் வளர்ப்பவளுக்கு இதுவே அதிசயம்தான். இந்தச் செடிக்குப் பசி அதிகம், உரம் கொடுத்துக்கொண்டே இரு. பூர்ணிமாவைக் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல். எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

அக்கா


பூதலூர்
8.12.2024

அக்கா,

உரம் கொடுக்கிறேன். என்ன உரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமாவின் மூத்திரப் பாட்டிலைக் கழுவிய தண்ணீரைக் கொல்லை வரை தூக்கிப் போக அலுப்பாய் இருந்த ஒரு நாள், அந்தத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டேன். அடுத்த வாரம் இலை உள்ளங்கை அகலம். அன்றிலிருந்து தினமும் அதுதான் அதற்குச் சாப்பாடு. இந்த வீட்டில் அந்தப் பாட்டிலைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஜீவன் உங்கள் செடிதான். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. நசுக்கினால் பிசுபிசுவென்று வருகிறது. அதையும் நான்தான் நசுக்குகிறேன்.

முந்தாநாள் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். வாய் குழறும் என்றாலும் என் பெயர் மட்டும் தெளிவாய் வரும். கை கழுவாமல் ஓடி, வியர்வை வழிகிறதே என்று கண்ணைக் கசக்கிவிட்டேன். சற்று நேரத்தில் ஒரு கண்ணில் எல்லாம் மங்கல். கண்ணாடியில் பார்த்தால் கருமணி முழுக்க விரிந்திருக்கிறது. மாமாவைப் போல எனக்கும் பக்கவாதம் வந்துவிட்டது என்று உங்கள் கொழுந்தனார் பயந்துபோய்த் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். கண் டாக்டர் என்னைப் பார்த்ததும், "ஊமத்தை கீமத்தை தொட்டீங்களாம்மா" என்றார். தானாகச் சரியாகிவிடுமாம். பாதி பார்வையில்தான் இதை எழுதுகிறேன்.

அதுகூடப் பெரிதில்லை. திரும்பி வந்தபோது மாமா, நான் போட்டது போட்டபடி கிடந்தார். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். எட்டிப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே வரவில்லை. துணியெல்லாம் நனைந்து, காய்ந்து, புண்ணில் ஈ. ஒரு மத்தியானம் நான் நகர்ந்ததற்கு இந்தக் கதி. இரண்டு மாதத்துக்கு எப்படி நகர்வேன்? நகராவிட்டால் என் ஒரே பெண் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவாள்.

முழங்கால், சர்க்கரை, பஸ் எதுவும் வேண்டாம். வர முடியாது என்பதற்கு உண்மைக் காரணம் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்.

குந்தவை


குன்னூர்
13.12.2024

குந்தவை,

எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதுதான் காரணம்.

உன் கடிதங்களைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஈ என்று எழுதியிருந்தாயே, அன்று நான் சாப்பிடவில்லை. அந்த அறைக்குள் நுழைந்தால் என் முகம் என் பேச்சைக் கேட்காது, கோணும். மாமா அதைப் பார்ப்பார். கண்டால் ஊரே எழுந்து நின்ற மனிதர் அவர், துரைராசு வருகிறார் என்றால் மடையடியில் சண்டை நிற்கும். அவர் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதைவிட வராமலே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. உனக்குப் பழகிவிட்டது. எனக்கு இனிமேல் பழகாது. என்னை மன்னிக்க வேண்டாம், கேட்காமல் இருந்தால் போதும்.

பிரகதாம்பாள்


பூதலூர்
18.12.2024

அக்கா,

உங்களிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தோட்டக்கலை.

எனக்குப் பழகிவிட்டது என்று யார் சொன்னார்கள்? இன்று காலையும் கொல்லையில் போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்துதான் மிச்சத்தைத் துடைத்தேன். மூன்று வருஷமாகப் பழகவில்லை. சில நாள் அவர் மேலேயே கோபம் வந்து துணியை வெடுக்கென்று உருவியிருக்கிறேன். அருவருப்பு போகட்டும், அப்புறம் செய்யலாம் என்று நான் உட்கார்ந்திருந்தால் அவர் புழுத்துப்போவார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மயிலாடுதுறைக்குப் போகிறேன். நீங்கள் வந்தாலும் போகிறேன், வராவிட்டாலும் போகிறேன். அழுதுகொண்டேதான் போவேன், ஆனால் போவேன். அருவருப்பைக் குன்னூரில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. அதையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். முகம் கோணினால் கோணட்டும்.

குந்தவை


பூதலூர்
30.12.2024

குந்தவை,

சீ, எழுதும்போதே கை நாறுகிறது. உன் டெட்டால் தீர்ந்துவிட்டது, வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

நீ கிளம்பிய அன்று ராத்திரியே நான் வந்துவிட்டதை உன் வீட்டுக்காரத் தம்பி போனில் சொல்லியிருக்கும். மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லியிருக்காது. தம்பி மாமாவைப் புரட்டிக் கொடுத்தது, நான் துணியை உருவினேன். கொல்லை வரை போக எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை, அங்கேயே சுவரோரமாய் வாந்தியெடுத்துவிட்டேன். என்னைப் பார்த்துத் தம்பிக்கும் வந்துவிட்டது. ஆளுக்கொரு மூலையில் நாங்கள் ஓங்கரித்துக்கொண்டு நிற்க, நடுவில் மாமா. எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. "அதான் எல்லாம் வந்துடுச்சே, இனிமே என்ன, பக்கெட்டை எடு தம்பி" என்றேன். எடுத்தது. அன்றிலிருந்து காலை வேளை தம்பியுடையது, மற்ற வேளைகள் என்னுடையவை. தம்பிக்குச் சோறு நன்றாகவே இறங்குகிறது, பார்த்துவிட்டேன்.

உன் செடிக்கு வேப்பெண்ணெய் அடித்து மாவுப்பூச்சியை ஒழித்தேன். அதன் சாப்பாட்டையும் நேரத்துக்கு ஊற்றுகிறேன், தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு. குன்னூரில் டப்பா டப்பாவாய் உரம் வாங்கிப் போட்டும் என் செடிக்கு இந்த அகலத்தில் இலை வந்ததில்லை. அது வேறு எரிச்சல்.

இன்னொன்று எழுத வேண்டும். முதல் சில நாட்கள் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் துடைத்தேன். கை தடவிப் போன இடமெல்லாம் சுத்தம் என்று கணக்கு. நேற்றுத் தற்செயலாகத் திறந்தபோதுதான் மாமா முகத்தைப் பார்த்தேன். அவரும் இறுக மூடிக்கொண்டிருந்தார். தூக்கமில்லை, இமை துடிக்கிறது. துணியைத் தொட்டதுமே மூடிக்கொள்வார் போலிருக்கிறது. இந்த வீட்டில் அந்த உடம்பை எல்லோரையும்விட அதிகமாக அருவருப்பவர் அவர்தான், குந்தவை. உனக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் புண் எங்கே இருக்கிறது என்று யார் பார்ப்பது? நான் திறந்து வைத்துக்கொண்டே துடைத்தேன். முகம் கோணத்தான் செய்தது, மறைக்கவில்லை. "நாறுது மாமா. நாறத்தான் செய்யும். கண்ணைத் தொறங்க" என்றேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். என் கோணல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குழறலாய், "எப்பப் போற?" என்று கேட்டார்.

"பூர்ணிமாவுக்குப் புள்ள பொறந்து, குந்தவை வந்தப்பறம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, துடைப்பதற்கு வசதியாய்த் தானே கொஞ்சம் ஒருக்களித்துக்கொடுத்தார்.

அக்கா